மூன்றாம் தலைமுறையின் ஏழாம் கோப்பை

என் குறிப்பேடுகள் ஐந்து. அவற்றுள் ஒரு பக்கம் பொய் சொல்கிறது. எழுதியவன் நான், எழுதிய வேளையில் அது பொய் என்று அறியேன். அப்பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று ஒருநாள் எண்ணினேன். கிழித்தால் அதற்குப் பின்வரும் பக்கங்கள் எதன்மேல் நிற்கின்றன என்பது எவருக்கும் விளங்காமற் போகும். ஆகவே, அதன் அருகில் வைத்துப் படிக்கத்தக்கதாக, நடந்ததைத் தனியே எழுதிவைக்க வேண்டியவனாகிறேன். இது கஞ்சாச் செடிகளின் தலைமுறைகளைப் பற்றிய பதிவு. என் மனைவியின் கைகளைப் பற்றியதும் இதுவே. ஒன்றை விட்டு மற்றதை எழுத இயலுமா என்று முயன்று பார்த்தேன், இயலவில்லை.

யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாவரவியல் கற்பித்தவன் நான். பிறப்புரிமையியல் என்ற பாடத்தில் பட்டாணியின் நெட்டையையும் குட்டையையும் கரும்பலகையில் எத்தனை முறை கலந்திருப்பேன் என்பதற்கு அளவில்லை. ஆயினும் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் என் கையால் வைத்தவன் அல்லன். அந்தக் காரியத்தை எழுபது வயது கடந்தபின், புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டு நகரின் மோர்னிங்சைட்டில், எங்கள் வீட்டின் நிலவறையில், மின்விளக்குகளின் கீழ்த் தொடங்கினேன்.

தொடங்கியதன் காரணம் இது. புற்றுநோய்க்கென ஏற்றிய மருந்து என் மனைவியின் உயிரைக் காத்தது. விரல் நுனிகளிலும் உள்ளங்கால்களிலும் ஓர் எரிவை விட்டுச் சென்றது. தேநீர்க் கோப்பையைத் துவாயால் சுற்றித்தான் பிடிப்பாள். சட்டைப் பொத்தானை நான் பூட்டிவிட வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரைகள் அவளை உறங்கவைத்தனவே அன்றி எரிவைத் தணிக்கவில்லை. பின்னர் அவரே கஞ்சா எண்ணெயை முயலச் சொன்னார். கடையில் விற்கும் எண்ணெய்கள் நான்கைந்தை முயன்றோம், பயன் காணவில்லை. உரிமம் பெற்ற நாற்றுக்காரர் ஒருவரிடம் வாங்கிய ஒரு செடியின் எண்ணெய் மட்டும் கேட்டது. பத்தாம் நாள் அவள் துவாய் இல்லாமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் அமர்ந்திருந்ததைக் கண்டேன். ஏன் அச்செடி மட்டும் அவளுக்கு உதவிற்று என்பதை நான் அறியேன். எல்லார்க்கும் உதவும் என்று சொல்லவும் வரவில்லை.

அச்செடியில் டிஎச்சி என்னும் மயக்கும் பொருள் மிகக் குறைவு. தணிக்கும் பொருள் மிகுதி. நாற்றுக்காரர் அடுத்த ஆண்டு அவ்வகையை விற்பதை நிறுத்திவிட்டார். கிளையை வெட்டி நட்டுப் பிழைக்கவைத்தோம். ஆனால் ஒவ்வொரு நடுகையும் முந்தியதைவிட நலிந்தது, இலை சுருண்டது, பூ சிறுத்தது. தாய்க்குள் ஏதோ நோய் ஒளிந்திருந்தது. கிளையால் இதனைக் காக்க முடியாது, விதையால்தான் காக்கவேண்டும் என்று தெளிந்தேன். வீட்டில் கஞ்சா வளர்க்க இசைவு தரும் அரசின் மருத்துவப் பதிவு எங்களிடம் இருந்தது. வேறு வகை ஆண் செடி ஒன்றின் மகரந்தத்தைத் தாய்க்குச் சேர்த்தேன்.

கலப்பின் முதல் தலைமுறை ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். வலிமையாகவும் இருக்கும். அதனைக் கண்டு மகிழ்பவன் அடுத்த தலைமுறையில் அழுவான். இரண்டாம் தலைமுறையில் அனைத்தும் சிதறிப் பிரியும். ஒன்று தாயை ஒக்கும், ஒன்று தந்தையை, ஏனையவை இருவரையும் ஒவ்வா. அவற்றுள் தாயை ஒத்த ஆணையும் பெண்ணையும் தேர்ந்து இணைத்து, அவற்றின் பிள்ளைகளுள் மீண்டும் தேர்ந்து இணைத்து, வேறுபாடுகள் தலைமுறைதோறும் குறைந்து, விதைத்ததெல்லாம் ஒன்றுபோல் முளைக்கும் நிலையை அடைய வேண்டும். அதனையே மரபு நிலைபெறுதல் என்கிறோம்.

உடன்பிறந்தவற்றை இணைக்கிறேன் என்பதை என் மனைவி முதலில் ஏற்கவில்லை. நிலவறைப் படியில் நின்று கேட்டாள்:

"இஞ்சருங்கோ, அண்ணனையும் தங்கச்சியையுமே கட்டி வைக்கிறியள்? உதென்ன அநியாயம்?"

"செடிகளுக்கு அந்தச் சாத்திரம் இல்லை."

"அப்ப என்னத்துக்கு உந்தச் சாதகக் கொப்பி?"

அன்றிலிருந்து என் குறிப்பேடுகளுக்கு அவள் வைத்த பெயர் அதுவே. செய்தி எப்படியோ வெளியிலும் பரவிற்று. என்னோடு கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், பேருந்துத் தரிப்பில் பத்துப் பேர் கேட்க, "மாஸ்டர், உங்கட வீட்டில சாம்பிராணிக்குப் பதிலா மற்றப் புகையாமே?" என்றார். புகை இல்லை, எண்ணெய்தான் என்றேன். "எண்ணெய் எண்டால் சரி. சனீஸ்வரனுக்கும் ஒரு சொட்டு எரியுங்கோ, கொஞ்சம் சாந்தமா இருப்பார்" என்று சொல்லிவிட்டுத் தம் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டாம் தலைமுறையில் நான் மிகுந்த கவனம் எடுத்தேன். தேர்ந்த ஆண், பெண் இரண்டின் இலைகளையும் ரெக்ஸ்டேலில் உள்ள சோதனைக்கூடத்துக்குக் கொண்டுசென்று சோதித்தேன். இரண்டிலும் மயக்கும் பொருள் ஏறக்குறைய இல்லை. இத்தகைய இரண்டின் பிள்ளைகளிலும் அது இராது. அவற்றின் பிள்ளைகளிலும் இராது. ஆகவே அதன்பின் தலைமுறைக்கு ஒரு பெண்செடியை மட்டும், முறைமைக்காகச் சோதித்துவந்தேன். இந்தத் தருக்கத்தில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. தட்டில் நிற்பது நான் விதைத்ததுதான் என்றால், அது சரியான தருக்கமே.

மூன்றாம் தலைமுறையை இரண்டு தட்டுகளில் விதைத்தேன். 'அ' தட்டு, தேர்ந்த பெற்றோரின் பிள்ளைகள். 'ஆ' தட்டு, தேராத செடிகளின் பிள்ளைகள். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்தது. ஒப்பீடு இல்லாத சோதனை சோதனையன்று என்று மாணவர்க்கு ஓதிய வாய் எனது. வீட்டுத் தேவைக்கு அந்த இரண்டாம் தட்டு வேண்டியதே இல்லை. என் கல்விச் செருக்குக்கு வேண்டியிருந்தது.

விதைத்த சில நாளில் எனக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு வாரம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். அந்த இரண்டு வாரமும் என் மனைவி, எரியும் பாதங்களோடு நிலவறைப் படிகளில் நாளுக்கு இருமுறை இறங்கி, நாற்றுகளுக்கு நீர் விட்டாள். கண்கட்டு அவிழ்ந்து நான் கீழே இறங்கியபோது 'அ' தட்டின் பன்னிரண்டு கோப்பைகளிலும் பன்னிரண்டு நாற்றுகள் நின்றன. குறிப்பேட்டில் இவ்வாறு எழுதினேன்: "விதைத்தவை பன்னிரண்டு. நிற்பவை பன்னிரண்டு. இறப்பு இல்லை." ஒரு மாதம் கழித்து அதே பக்கத்தின் கீழ், சிவப்பு மையால் அடிக்கோடிட்டு: "ஏழாம் கோப்பை, ஆண். தண்டு திண்ணியது. உடன்பிறந்தவை அனைத்தினும் உயர்வு. தந்தையாகத் தகுந்தது."

ஏழாம் கோப்பையைத் தந்தையாக்கினேன்.

நான்காம் தலைமுறையும் ஐந்தாம் தலைமுறையும் கடந்தன. சோதித்த ஒவ்வொரு பெண்ணும் தூயதாகவே வந்தது. நிலைபெறாத எதனையும் அவளுக்குக் கொடுப்பதில்லை என்பது என் விதி. ஆகவே இத்தனை காலமும் அவள் பழைய தாயின் எண்ணெயையே உட்கொண்டாள். கடந்த குளிர்காலத்தில் அந்தத் தாய்ச் செடியின் கடைசிக் கிளையும் கருகிற்று. எஞ்சியது ஒரு போத்தல் எண்ணெய். ஆறாம் தலைமுறை அப்போது பூத்திருந்தது. ஒன்றுபோல் ஒன்று, ஒரே உயரம். பார்க்கும் கண்ணுக்கு நிலைபெற்றுவிட்டது போலவே இருந்தது. பூவைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தோம். இம்முறை சோதனைக்குக் கூட நான் காத்திருக்கவில்லை. போத்தலில் மட்டம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அச்சமே காரணம்.

அதனை அவள் உட்கொள்ளத் தொடங்கிய இரண்டாம் நாள் காலை, அடுப்படியில் நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நிலம் கீழ போகுது" என்றாள். நான் எழுவதற்குள் சரிந்துவிட்டாள். புருவம் அடுப்பின் கைபிடியில் பட்டுப் பிளந்தது. தூக்கி இருத்தித் துவாயால் அழுத்திப் பிடித்தேன். அவள் என் முகத்தை வெகுநேரம் நோக்கினாள்.

"நீங்கள் ஆர்?" என்றாள்.

நாற்பத்தாறு ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவள். அன்று மாலை தெளிந்துவிட்டாள். புருவத்தில் மூன்று தையல். ஆனால் அந்தக் கேள்வியை அவள் கேட்டதாக நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

ஆறு செடிகளின் பூவையும் தனித்தனிப் பொதியாகக் கட்டி, மறுநாளே ரெக்ஸ்டேலுக்குக் கொண்டுசென்றேன். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. சோதனைக்கூடத்தில் பணியாற்றும் பெண் கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். நான் வரும்போதெல்லாம் தமிழில் பேசுவார். மறுவாரம் முடிவைத் தாளில் அச்சிட்டுக் கொடுக்காமல், தம் கணினித் திரையையே என் பக்கம் திருப்பினார்.

"சார், ஆறுல மூணு முழுசா மாறியிருக்கு. டிஎச்சி ஏறிப்போச்சு. இதெல்லாம் ஒரே ஃபேமிலின்னா சொல்றீங்க?"

"ஆறாம் தலைமுறை. எல்லாம் உடன்பிறந்தவை."

"இதுக்கு முன்னாடி எத்தனை செடி குடுத்தீங்க, தலைமுறைக்கு?"

"ஒன்று."

அவர் என்னைப் பார்த்தார். கேலி இல்லை, வியப்புத்தான். "ஒண்ணை வச்சு மொத்தத்தையும் எப்படி சார் நம்புனீங்க? நீங்க வாத்தியாருன்னு வேற சொன்னீங்க."

தேர்வில் தோற்ற மாணவன் முன் நான் எவ்வாறு நின்றிருப்பேன் என்பதை அன்று அறிந்தேன். மிச்சம் மூன்று தூயவை அல்லவா என்று கேட்டேன். ஆம் என்றார். அந்த மூன்றன் எண்ணெயை, பல நாள் இரந்து கேட்டபின், என் மனைவி ஒரு வாரம் உட்கொண்டாள். மயக்கம் இல்லை, எரிவும் தணியவில்லை. தாயின் குணம் அவற்றில் இல்லை. துவாய் மீண்டும் கோப்பையைச் சுற்றிற்று.

அடுத்த நாள்களில் ஐந்து குறிப்பேடுகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அயல் மகரந்தம் காற்றில் வந்ததோ? சோதனைக்கூடம் பொதியை மாற்றியதோ? நாற்றுக்காரர் முதலிலேயே ஏமாற்றினாரோ? இவ்வாறு ஒவ்வொருவர்மீதும் குற்றம் தேடினேன். என்மீது மட்டும் தேடவில்லை. மூன்றாம் நாள், ஓர் அற்பமான செய்தி கண்ணில் தைத்தது. இரண்டாம் தலைமுறையில் இறப்பு மூன்று. நான்காவதில் இரண்டு. ஐந்தாவதில் இரண்டு. ஆறாவதில் நான்கு. மூன்றாவதில் இறப்பு இல்லை. நாற்று வளர்க்கும் எவனும் சாவில்லாத தட்டைக் கண்டதில்லை. நான் கண்டேன், எழுதினேன், மகிழ்ந்தேன்.

எதிரே அமர்ந்து வெண்டைக்காய் நறுக்க முயன்றுகொண்டிருந்தாள் அவள். நான் குரலை இயல்பாக வைத்துக்கொண்டு கேட்டேன்:

"எனக்குக் கண் வெட்டின நேரம் கீழ நாத்து ஒண்டும் சாகேல்லையோ?"

"ஏன் சாகாமல்? ஒண்டு செத்தது. நடுவில நிண்டது."

"பிறகு?"

"பிறகென்ன, மற்றத் தட்டில நல்லதா ஒண்டு பாத்துப் பிடுங்கி வைச்சனான். அங்க ஒரு கோப்பையில ரெண்டு முளைச்சு நெருக்கிக்கொண்டு நிண்டது. எங்கட ஐயான்ர புகையிலைத் தறையில ஒரு கண்டு பட்டுப்போனால் அண்டைக்கே மற்றக் கண்டு வைச்சுப்போடுவம். வெறும் இடம் கிடக்கவிடப்படாது. நீங்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிறியள், வந்து வெறுங் கோப்பையைப் பாத்தால் உங்களுக்கு மனம் கேக்காது எண்டு..."

பாதியில் நிறுத்தினாள். வெட்டுக்கத்தியைப் பலகையில் வைத்தாள். அவள் தோட்டக்காரரின் மகள். செடி அறிந்தவள். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப உதுதான் காரணமோ?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் சிலவேளை தோன்றுகிறது. "வைச்சது நீர். தகப்பனாத் தெரிஞ்செடுத்தது நான். ஏழாம் கோப்பை" என்று சொல்லிக் குறிப்பேட்டை அவள் பக்கம் திருப்பினேன். சிவப்பில் அடிக்கோடிட்ட வரியை அவள் படித்தாள். பின்பு, எதிர்பாராத வகையில், சிரித்தாள்.

"நான் வழியில பிடிச்சுக்கொண்டு வந்து இருத்தினவனை நீங்கள் மாப்பிள்ளையாக்கிப் போட்டியள். சாதகமும் பாத்து!"

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபோது இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவள் கேட்டாள்:

"இனி எத்தினை தலைமுறை?"

"மூண்டாவதில இருந்து திருப்பித் தொடங்கவேணும். குறைஞ்சது ரெண்டு வருசம்."

"போத்தில்?"

பழைய தாயின் எண்ணெய் இருந்த போத்தலின் கழுத்தில் ஒரு நூல் கட்டியிருந்தேன், மட்டம் எதுவரை என்று காண. நூலை இப்போது அடிப்பகுதிக்குக் கிட்ட இறக்கிக் கட்டியிருந்தேன். "பனி விழமுன்னம் முடிஞ்சிடும்" என்றேன். அவள் தலையசைத்து வெண்டைக்காயை மீண்டும் எடுத்தாள். விரல்களால் அல்ல, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து.

என் பிழையை இங்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் கோப்பைக்கு எண் இட்டேன், செடிக்கு இடவில்லை. அவ்வெண்ணின்கீழ் எது நிற்கிறதோ அது நான் விதைத்ததே என்று நம்பினேன். அவளது கை ஒரு தோட்டத்தின் நியாயப்படி சரியானதைச் செய்தது. விற்கும் பயிருக்கு வெறும் இடம் நட்டம். தலைமுறை காக்கும் தட்டுக்கோ வெறும் இடமே சாட்சி. அந்த வேறுபாட்டை அவளுக்குச் சொல்ல வேண்டியவன் நான். முப்பது ஆண்டு கற்பித்த நான், என் வீட்டில் நாற்றுக்கு நீர் விடப் போனவளுக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

மூன்றாம் தலைமுறைக்கு விதைத்தது போக எஞ்சிய 'அ' விதைகள் குளிர்ப்பெட்டியின் கதவுத் தட்டில், ஒரு மருந்துக் குப்பியில் இருந்தன. பதினொன்று. சில வெளிறியிருந்தன. வைகாசியில் பதினொன்றையும் விதைத்தேன். நான்கு முளைத்தன. இம்முறை எண் அட்டையைக் கோப்பையில் குத்தாமல், ஒவ்வொரு நாற்றின் தண்டிலும் மெல்லிய நூலால் கட்டினேன். நான் கட்டுவதை அவள் படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்தின் பின் ஒருநாள் நான் மருந்துக்கடையிலிருந்து வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள். கீழே வாருங்கள் என்றாள். இரண்டாம் நாற்று அடியில் கருகிச் சாய்ந்து கிடந்தது. அதன் கோப்பையில் ஒரு துண்டுத் தாள் குத்தியிருந்தது. பேனாவைப் பிடிக்க முடியாத விரல்களால், எழுத்து எழுத்தாக முறிந்து, எழுதியிருந்தாள்: "செத்தது." பக்கத்தில் நாளும் இட்டிருந்தாள். அதை எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாளைக் குறிப்பேட்டில் ஒட்டியிருக்கிறேன். இந்த ஐந்து ஏடுகளிலும் ஐயத்துக்கு இடமின்றி நம்பத்தக்க பதிவு அது ஒன்றே.

இதை எழுதும் இன்று மூன்று நாற்றுகள் நிற்கின்றன. ஆணா பெண்ணா என்று இன்னும் காட்டவில்லை. மூன்றும் ஆணாயின் எண்ணெய் இல்லை. மூன்றும் பெண்ணாயின் இவ்வாண்டு எண்ணெய் உண்டு, விதை இல்லை. போத்தலில் நூலுக்குக் கீழே ஒரு விரற்கடை எஞ்சியுள்ளது. அவள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எடுக்கிறாள். எடுக்காத நாளில் எடுத்ததாகச் சொல்கிறாள். நான் நூலைப் பார்த்து அறிந்துகொள்கிறேன்.

என் நினைவும் கண்ணும் தேய்ந்தவை. மேலே சொன்ன இறப்பு எண்ணிக்கைகள் ஏட்டைப் பார்த்து எழுதியவை. உரையாடல்கள் நினைவிலிருந்து எழுதியவை. அவற்றில் ஒரு சொல் முன்பின்னாக இருக்கலாம். இவை பெரிதல்ல. ஆனால் பயிர்ப்பெருக்கம் அறிந்தோர் எவரேனும் இதைப் படிப்பாராயின், என் முடிபை வரி வரியாகச் சோதித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். ஆறாம் தலைமுறையைக் கைவிட்டு மூன்றாவதற்கே திரும்பவேண்டும் என்கிறேன். அந்த மூன்று தூய செடிகளுள் தாயின் குணத்தை மீட்கும் வழி இல்லை என்கிறேன். இரண்டு ஆண்டுகள் வேண்டும் என்கிறேன். இவற்றுள் எங்கேனும் நான் தவறியிருந்தால், முதியவன் மனம் நோகுமே என்று தயங்காமல் திருத்துங்கள். வாழ்நாளெல்லாம் பிறர் விடைத்தாளில் பிழை பிடித்தவன் நான். என் விடை பிழையாக இருக்கவேண்டும் என்று விரும்புவது இதுவே முதன்முறை.